தண்ணீர்த் திருடியின் காவல்காரர்

திருப்பதி முப்பது வருடம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர். வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் சின்ன ஊர் அது. மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர் என்பதுதான் கிடைத்த வேலை. மற்றதெல்லாம் அவராகச் சேர்த்துக்கொண்டது. மகன் கவியரசனின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே ‘நீர் நிர்வாகி’ என்று அச்சடித்துக்கொண்டார். தலையில் குறுக்குக் கம்பி வைத்த இடுப்புயர வால்வு சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் தெருவில் நடந்தால், நாய்கூட எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். வணக்கம் வைக்காத தெருவுக்கு அன்றைக்குக் குழாயில் நூல் போலத்தான் ஒழுகும். கேட்டால், “பிரஷர் இல்லப்பா, நான் என்ன பண்றது?” என்பார்.

ஓய்வு பெற்ற மறுநாளே ஊர் வணக்கத்தை நிறுத்திக்கொண்டது. பழைய வால்வு சாவி ஒன்றைத் துருப்பிடித்துப்போனதென்று சொல்லி வீட்டுக்கே கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்து விபூதி பூசுவார். டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் அவரை அரித்தது. அப்படியே ஒரு வருடம் வாடிக்கிடந்தார்.

அப்போதுதான் மருமகள் இளமதிக்கு இரண்டு கிட்னியும் போயின.

வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அவருக்கு மறுபடி உயிர் வந்தது. வாரத்தில் மூன்று நாள் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும், மற்ற நேரமெல்லாம் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, கவியரசன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்து வீடியோவில் அழுதான். திருப்பதியின் மனைவி அழகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திருப்பதி மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

“அளக்குறத எங்கிட்ட விட்டுருங்க சார்” என்றார்.

இளமதிக்கு முப்பத்திரண்டு வயது. ஆலங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கிட்னி ஏன் போனது என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. விரல் முட்டிகள் காலையில் மடங்காமல் வலித்தன. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வெயிலில் நின்றால் இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்து தடித்தன. முட்டி வலிக்குத் தைலம், முடிக்குக் கரிசலாங்கண்ணி, கன்னத்துக்குப் பவுடர் என்று தனித்தனியாக வைத்தியம் நடந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் வெற்றிசெல்வன் புதுக்கோட்டையில் பெரிய ஆள். அவருடைய பெயர்ப்பலகையில் பட்டங்கள் மூன்று வரி ஓடி, நாலாவது வரியில் ‘லண்டன்’ என்று முடியும். லண்டனில் அவர் ஒரு மாநாட்டுக்குப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, சான்றிதழ் வாங்கி வந்தார். டயாலிசிஸ் கூடத்தின் சுவரில் அவரே எழுதிய வாசகம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது: ‘நெஞ்சில் தண்ணீர் என்றால் வாயில் தண்ணீர்.’ அந்த வரியின் அழகில் அவரே மயங்கிப்போயிருந்தார். நுரையீரல் பக்கம் நீர் கோத்துக்கொண்டு வரும் நோயாளி யாராக இருந்தாலும், அந்த வாசகத்துக்குள் அடங்கித்தான் ஆக வேண்டும்.

தை மாதக் கடைசியில் இளமதிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படம் எடுத்தார்கள். வலதுபக்க நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு மூட்டம். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மற்ற கட்டில்காரர்களும் பார்க்கும்படி காட்டினார்.

“என்னம்மா இது? கிணறு வெட்டி வச்சிருக்க?”

“சார், மூச்சை இழுத்தா ஊசியால குத்துற மாதிரி இருக்கு. இந்தப் பக்கம். சாயங்காலமானா காய்ச்சலும் அடிக்குது.”

“தண்ணி குடிக்கிறப்பக் குத்தலையா?”

கூடமே சிரித்தது. ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். தங்களைத் திட்டவில்லை என்ற நிம்மதி.

“நான் குடிக்கல சார்.”

“எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. பெரியவரே, நீங்கதானே காவல்? உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்துமே இவ்வளவு ஏறியிருக்குன்னா, நீங்க இல்லாட்டி இந்தப் பொண்ணு போய்ச் சேந்திருக்கும். விடாதீங்க. இது பயங்கரமான தண்ணித் திருடி.”

திருப்பதிக்கு அந்த நிமிடம் இரண்டு உணர்ச்சி வந்தது. தன் வால்வு கசிகிறது என்கிறாரே என்ற சுருக்கென்ற வலி முதலில். அதைத் தாண்டி, லண்டன் வரை போன ஒரு மனிதர் கூடம் நிறைய ஆட்கள் நடுவே தன்னைப் பெரியவரே என்று கூப்பிட்ட இனிப்பு. இனிப்புதான் நின்றது.

வீட்டில் கட்டுப்பாடு இறுகியது. குடத்துக்கு மூடி போட்டு அதன் மேல் வால்வு சாவியைக் குறுக்கே வைத்தார். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. குளியலறை வாளியில் அவரே தண்ணீர் பிடித்து வைத்து, வெளியே நின்று காது கொடுப்பார். மொண்டு ஊற்றும் சத்தத்துக்கும் விழுங்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும் என்று டீக்கடையில் சொன்னார். டீக்கடை பேச்சை நிறுத்திக் கேட்டது. எத்தனை நாளைக்கப்புறம்!

குடிப்பதற்கு ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளர். பேரப்பிள்ளை பிறந்தால் பாலூட்டும் சங்குக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று அழகம்மாள் எப்போதோ வாங்கியது. பிள்ளை பிறக்கவில்லை, டம்ளருக்கு வேறு வேலை வந்தது. இளமதி அதை வாங்கி உதட்டை நனைத்துக்கொள்வதற்குள், “போதும்” என்பார். சொல்லும்போதே வலது கை தானாக வால்வைத் திருகுவதுபோல ஒரு திருப்புத் திருப்பும்.

இளமதியின் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் புண். “வறண்டு போயி வெடிச்சிருக்குங்க. ஒரு மடக்கு மோராச்சும் குடுங்களேன்” என்றாள் அழகம்மாள்.

“மோருன்னா தண்ணியில்லையா? ஒனக்கென்ன தெரியும்? டாக்டரு எங்கிட்டச் சொல்லியிருக்காரு.”

“அந்தப் புள்ள குடிக்கலங்க. நான் கூடவேதானே கெடக்கேன்.”

“ஒன்னைய ஏமாத்திருவா. என்னைய ஏமாத்த முடியாது.”

கட்டிலில் சாய்ந்திருந்த இளமதி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “மாமா, நேத்து அழுதேன். எவ்வளவு வெளிய போச்சுன்னு பாத்து, அத்தனையையும் உள்ள ஊத்தலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க.”

“பாரு, வாய! குடிச்ச தண்ணிதான் இப்புடிப் பேசுது.”

ஆனால் ஒரு விஷயம் திருப்பதிக்குத் தெரியும். அவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். இளமதி குடிக்கவில்லை. முப்பது வருடத்தில் எந்தக் குழாயில் எவன் மோட்டார் போட்டு உறிஞ்சினாலும் கண்டுபிடித்தவர் அவர். இந்த வீட்டில் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. டயாலிசிஸுக்கு முன்னால் எடை மெஷினில் ஏற்றுவார்கள். தண்ணீர் குடித்திருந்தால் முள் காட்டிக்கொடுக்கும். முள் ஒவ்வொரு முறையும் இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஏறியது, இவளுக்கு ஏறவில்லை. நெஞ்சில் மட்டும் மூட்டம் வளர்ந்தது.

“மெஷின் ரிப்பேரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாசியில் அந்தச் செய்தி வந்தது. மார்ச்சில் வரும் உலக சிறுநீரக தினத்துக்கு டாக்டர் விழா எடுக்கிறார். டாக்டருக்கு ‘சிறுநீரகச் செம்மல்’ என்ற பட்டம். அவருடைய சொந்த மருத்துவமனை அவருக்கே கொடுக்கிறது. கூடவே திருப்பதிக்குப் பொன்னாடை போர்த்தி ‘நீர்க் காவலர்’ விருது. மருத்துவமனை வாசலில் பிளெக்ஸும் வைத்துவிட்டார்கள். டாக்டர் முகம் யானை சைஸ், திருப்பதி முகம் தேங்காய் சைஸ். தேங்காய் சைஸே போதுமாயிருந்தது. பஸ்ஸில் போகிறபோதெல்லாம் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு அதைப் பார்த்துக்கொண்டு போனார். பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்தி மூச்சு விட்டுக்கொண்டு இளமதி உட்கார்ந்திருப்பாள்.

விழா நாளன்று காலை, டயாலிசிஸ் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் சுடர்விழி அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். இளமதியின் கட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

“அய்யா, நுரையீரலைச் சுத்தி மெல்லிசா ரெண்டு சவ்வு இருக்கு. அது புண்ணாகி வீங்கினாலும் நடுவுல நீர் கோத்துக்கும். படத்துல இதே மாதிரிதான் தெரியும். குடிச்ச தண்ணின்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் ஏறும், எடை கூடும், இப்படிக் குத்தாது. இவங்களுக்குக் குத்துது, காய்ச்சல் இருக்கு, எடை ஏறவே இல்ல. கன்னம் சிவக்குது, வாயில புண்ணு, முட்டி வலி. டிபியான்னு பாக்கணும். இல்ல, நம்ம எதிர்ப்புச் சக்தியே நம்ம உடம்பைக் கடிக்கிற நோய் ஒண்ணு இருக்கு. கிட்னி போனதேகூட அதனாலதான் இருக்கும்னு எனக்குப் படுது. ஊசி போட்டு அந்த நீரை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, ரத்தமும் பாத்தாத் தெரிஞ்சிரும். மாத்திரையிலயே கேக்கும்.”

“அப்ப எடுங்களேன்.”

“பெரிய டாக்டர் தண்ணி குடிச்சதுதான்னு சொல்றார். அவர்கிட்டப் பேசணும்னா எனக்கு ஒரு பதில் வேணும். காவல் இருந்தது நீங்கதான். கூடுதலாத் தண்ணி குடிச்சாங்களா, இல்லையா? ஒரே வார்த்தை.”

திருப்பதி ஜன்னல் வழியாகப் பார்த்தார். கீழே பிளெக்ஸில் அவர் முகம் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? யானை சைஸ் முகம் தப்பு என்றாகும். திருடாத ஒருத்தியை இத்தனை நாள் காவல் காத்தவனுக்கு எவன் பொன்னாடை போர்த்துவான்? கள்ளன் இருந்தால்தானே போலீஸுக்கு மெடல்? வெறும் கஜானாவுக்கு வெளியே சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற கோமாளி என்று டீக்கடை சிரிக்கும்.

“சொல்லுங்க மாமா” என்றாள் இளமதி. முதல் தடவையாக அவள் குரலில் குத்தல் இல்லை. கெஞ்சினாள்.

“குடிச்சா” என்றார். “நானே பாத்தேன். ஒரு தடவ இல்ல.”

“எங்க பாத்தீங்க?” என்றாள் சுடர்விழி.

“மாட்டுத் தொட்டியில. குனிஞ்சு, அள்ளி அள்ளி.”

இளமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மூச்சு விலாவில் குத்தி, வாய் கோணியது. “நம்ம வீட்டுல மாடு ஏது மாமா?”

“பக்கத்து வீட்டு மாடு.”

“அது சாட்சி சொல்ல வருமா?”

அந்த நேரம் பார்த்து டாக்டர் வெற்றிசெல்வன் பட்டு வேட்டியில் உள்ளே வந்தார். விழாவுக்காக மீசையில் மை அடித்திருந்தார். சுடர்விழி எடை ஏறாததைச் சொல்ல வாயெடுத்தாள்.

“எந்த மாடா இருந்தா என்னம்மா? நோயாளி சொல்றத நம்புறதா, காவல்காரர் கண்ணால கண்டதை நம்புறதா? ஊசி கீசின்னு இன்னைக்கு ஒண்ணும் வேணாம், விஐபி வர்ற நாளு. இவளுக்கு எப்பவும் எடுக்கிறதவிடச் சேத்து இழுங்க. இழுத்தா நெஞ்சு காலியாயிரும்.”

சுடர்விழி வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அவள் சுவரில் இருந்த வாசகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெஷினில் அளவைக் கூட்டினாள்.

விழா கீழ்த்தளத்தில். மேடையில் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். டாக்டர் தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார். தொண்டை காய்ந்ததால் பாட்டிலை இரண்டு முறை காலி செய்தார். தன் பட்டத்தைத் தானே அறிவித்து, வாங்கிக்கொண்டு, வியந்து நின்றார். பிறகு திருப்பதியைப் பேசச் சொன்னார்கள்.

மைக் முன்னால் நின்றபோது அவருக்குத் தொட்டி மேலே ஏறி நிற்பதுபோல இருந்தது. மாட்டுத் தொட்டிக் கதையை விரித்தார். அவள் எப்படிப் பம்மிப் போனாள், மாடு எப்படி மிரண்டு கத்தியது, இவர் எப்படி டார்ச் அடித்துப் பிடித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து முழுவதையும் வீடியோ எடுத்தார். பொன்னாடையை விரித்துக்கொண்டு டாக்டர் எழுந்த நேரம், நர்ஸ் செவந்தி படியிறங்கி ஓடிவந்து மேடையோரம் நின்றாள்.

“சார், மேல இளமதிக்கு பிரஷர் இல்ல சார்.”

“இதோ, போட்டோ முடிஞ்சிரட்டும்” என்றார் டாக்டர்.

போட்டோ நன்றாக விழுந்தது.

தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸில் கூடப் போனது சுடர்விழிதான். அங்கே ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வராந்தாவில் பொன்னாடையோடு நின்ற திருப்பதியிடம் சுடர்விழி வந்து சொன்னாள். குரலில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை.

“டிபி இல்ல. நான் சொன்ன நோய்தான். நுரையீரல் சவ்வு மட்டும் இல்ல, இதயத்தைச் சுத்தி இருக்கிற சவ்வும் வீங்கி நீர் கோத்து, இதயத்தை நெருக்கிக்கிட்டு இருந்திருக்கு. அந்த நேரத்துல நாங்க உடம்புல இருந்து கூடுதலா இழுத்தோம். நெஞ்சுல கெடந்த நீர் வரல; ரத்தத்துல இருந்துதான் போச்சு. பிரஷர் விழுந்துருச்சு. குடிச்ச தண்ணி ஒரு சொட்டு இல்லங்கய்யா.”

“நெசமாவா?” என்றார் திருப்பதி.

“ஒங்களுக்குத் தெரியாதா?”

அவர் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே வெற்றிசெல்வன் போன் செய்தார். “பெரியவரே, நான் மொத நாளே ஆட்டோ இம்யூனா இருக்குமோன்னு நெனச்சேன். நீங்கதான் அடிச்சுச் சொன்னீங்க, குடிச்சான்னு. சுடர்விழி சாட்சி. ஒங்க வாயால சொன்ன வீடியோவும் இருக்கு. நாளைக்கு யாராச்சும் கேட்டா, நீங்கதான் பதில் சொல்லணும்.”

வீடியோ ஊர் முழுக்கப் போயிருந்தது. சிங்கப்பூரில் கவியரசன் அதை ஸ்டேட்டஸ் வைத்து, ‘என் அப்பா என் பெருமை’ என்று எழுதியிருந்தான். விஷயம் தெரிந்ததும் எடுத்துவிட்டான். அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: “அப்பா, நம்ம பக்கத்து வீட்டுல மாடு எப்ப வாங்குனாங்க?” அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. இதயம் மட்டும் அதற்கெல்லாம் காத்திருக்கத் தயாராக இல்லை. மெஷினில் போட்ட உடனே பிரஷர் விழுந்தது. திரும்பப் போட்டார்கள், திரும்ப விழுந்தது. மெஷின் இல்லாமல் அதிக நாள் தாங்காது என்றார்கள். “வீட்டுக்குப் போவோம் அத்தை” என்று சொன்னது இளமதிதான். தெளிவாகத்தான் சொன்னாள்.

கவியரசன் திருச்சி விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அதுவரை தாங்குமா என்று ஊர் வந்து உட்கார்ந்துவிட்டது. இளமதியைத் தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சும் படி ஏறி இறங்குவதுபோல வந்தது. கண் மட்டும் நன்றாக விழித்திருந்தது.

“வாயில தண்ணிய ஊத்துங்கப்பா. நாக்கு வறண்டு போய்க் கெடக்கு புள்ளைக்கு” என்றார் ஒருவர். “மொதல்ல மாமனார் ஊத்தட்டும்.”

அழகம்மாள் குடத்தின் மேலிருந்த வால்வு சாவியைத் தூக்கி வாசலில் எறிந்தாள். அது கல்லில் பட்டுப் போட்ட சத்தத்தில் தெரு நாய்கள் எழுந்து நின்றன. நிறைசெம்பு மொண்டு, பக்கத்தில் வைத்தாள். “ஊத்துங்க. வேணுங்கிற மட்டும் ஊத்துங்க” என்றாள் புருஷனின் முகத்தைப் பார்க்காமல்.

திருப்பதி முன்னால் வந்து உட்கார்ந்தார். செம்பைத்தான் எடுக்கப் போனார். ஆனால் கை பழகிய பக்கமே போனது. அலமாரியில் இருந்த குட்டி டம்ளரை எடுத்து, செம்பில் முக்கி, விளிம்பு வரை வந்ததைக் கொஞ்சம் சரித்து அளவாக்கி, அவள் உதட்டருகே கொண்டுபோனார்.

இளமதி டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“அளந்தாச்சா மாமா?” என்றாள்.

சொல்லிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். அவர் சாய்த்தார். தண்ணீர் மூடிய உதட்டின் மேல் விழுந்து, மோவாயில் வழிந்து, கழுத்துக்குள் இறங்கியது. இன்னொரு முறை சாய்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாங்குதே புள்ள” என்றது கூட்டம்.

“குடி ஆத்தா, குடி” என்று அழகம்மாள் அலறினாள்.

திருப்பதியின் வலது கை காற்றில் மெதுவாக ஒரு திருப்புத் திருப்பி நின்றது. “போதும்” என்று வாய் சொல்லிவிட்டது. கூட்டம் அவரையே பார்த்தது. பழியும் வெட்கமும் மற்றதெல்லாமும் பின்னால் வரும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால், முப்பது வருடப் பழக்கத்தில், அந்த ஒரு நொடி அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.